கிடங்கின் கூரையையும் நாள் கணக்கில் எழுதுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். திருமங்கலம் என் சொந்த ஊர். வட மாநிலம் ஒன்றில் பாதுகாப்புத் துறையின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஒரு வெடிபொருள் கிடங்கில் திறந்தவெளி மேடைகளில் தார்ப்பாய் போட்டு அடுக்கியிருக்கும் பீரங்கிக் குண்டுகளை மண்மூடிய கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஒதுக்கீடு சுருங்கியிருக்கும் ஆண்டு இது. "எல்லையில் நிற்பவனுக்குக் குண்டு வேண்டுமா, கிடங்குக்குக் கூரை வேண்டுமா?" என்று மேலதிகாரி கேட்கிறார். கட்டடத்தைத் தள்ளிவைத்து, பாதுகாப்புக்காக விட வேண்டிய இடைவெளி குறைவாக இருப்பதற்கு விதியிலிருந்து இன்னும் 2 ஆண்டு விலக்கு கேட்கலாம் என்று குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். என் அண்ணனும் படையில்தான் இருக்கிறார். அதனால் அவர்கள் சொல்வதை வெறும் சாக்கு என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சித்திரை விடுப்பு முடிந்து போனதும் இந்தக் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். கிடங்கின் பெயரையும் இருப்பின் அளவையும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அது சரியே. அவை இல்லாமலே பதில் சொல்ல முடியும். ராணுவத்தின் படைக்கலப் பிரிவில் வெடிபொருள் பணியில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மதுரையில் தங்கி, மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளின் மேகசின்கள் என்னும் வெடிமருந்து அறைகளையும் விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளையும் பார்த்து ஆலோசனை சொல்லி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் மேலதிகாரியின் கேள்வியில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. குண்டின் பயனை அவர் போர் நாட்களில் அளக்கிறார். கூரையின் செலவை ரூபாயில் அளக்கிறார். படியையும் முழத்தையும் ஒரே தராசில் வைத்தால் எது கனம் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் நாள் கணக்கிலேயே எழுதிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கொள்முதலும் கட்டடப் பணியும் வெவ்வேறு கணக்குத் தலைப்பில் வருபவை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் மேலே எங்கோ ஓரிடத்தில் இரண்டும் ஒரே பையிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன என்பதால் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்க வழியில்லை.

மேலதிகாரியின் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். நம் ராணுவம் கடும்போரில் 40 நாளுக்குத் தாங்கும் இருப்பை இலக்காக வைத்திருந்தது. 2013 மார்ச் நிலவரத்தை ஆராய்ந்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015-இல் தந்த அறிக்கை, ஏறத்தாழ பாதி வகைகளில் இருப்பு 10 நாளுக்கும் குறைவு என்று சொன்னது. அந்த அறிக்கையைப் படித்த எவரும் குண்டு வாங்குவதை ஆடம்பரம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் அதே அறிக்கையை மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம்: கையில் இருப்பதே குறைவென்றால், இருப்பதை ஒரே இரவில் இழப்பது இன்னும் பெரிய இழப்பு.

இப்போது இடைவெளிக் கணக்குக்கு வருகிறேன். கோப்பில் பலர் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடும் இடம் இதுதான். எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடிய வகையில், அதாவது 1.1 என்று வகைப்படுத்திய பொருளில், குடியிருப்புக்கு விட வேண்டிய தூரம் வெடிபொருள் எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. நேட்டோ நாடுகளின் விதியில், பெரிய அளவுகளுக்கு, கிலோகிராமில் உள்ள எடையின் கனமூலத்தை 22.2 ஆல் பெருக்கினால் மீட்டரில் தூரம் கிடைக்கும். 8,000 கிலோவுக்கு 444 மீட்டர். 27,000 கிலோவுக்கு 666 மீட்டர். 64,000 கிலோவுக்கு 888 மீட்டர். நம் நாட்டில் இந்த அளவுகளை வகுக்கும் பொறுப்பு, டெல்லியில் டி.ஆர்.டி.ஓ. என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் இயங்கும் தீ, வெடிபொருள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு மையத்திடம் இருக்கிறது. உங்கள் கோப்பில் அவர்களுடைய அட்டவணை எண்தான் செல்லும். கணக்கின் போக்கை விளங்கிக்கொள்ள மட்டும் மேலே உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

கனமூலம் என்பதால் ஒரு விசித்திரம் நேர்கிறது. இருப்பைப் பாதியாகக் குறைத்தாலும் தூரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். தூரம் பாதியாக வேண்டுமானால் இருப்பை எட்டில் ஒன்றாக்க வேண்டும். ஆகவே "கொஞ்சம் எடுத்து வேறிடம் வைத்துவிட்டோம், ஊருக்கு ஆபத்து தீர்ந்தது" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அதே விதியைத் திருப்பிப் பார்த்தால், ஒரே இடத்தில் குவிக்கக் குவிக்க ஒரு டன்னுக்குத் தேவைப்படும் நிலம் குறைந்துகொண்டே போகிறது. எட்டு மடங்கு குவித்தால் நிலம் நான்கு மடங்குதான் வேண்டும். கணக்கர் மனம் இயல்பாகவே குவிப்பதை விரும்புவதற்குக் காரணம் இதுதான். போர்வீரன் மனமோ பிரித்து வைப்பதை விரும்ப வேண்டும். நம் ஊர்ச் சம்சாரி இரண்டு வைக்கோல் படப்புகளை ஒன்றையொன்று ஒட்டிப் போடமாட்டார், இடம் நெருக்கடியாக இருந்தாலும். ஒன்று பற்றினாலும் மாட்டுக்கு அடுத்தது மிஞ்ச வேண்டும்.

அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே விட வேண்டிய தூரம் தனிக் கணக்கு. உங்கள் திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. அமெரிக்கப் படைகளின் விதிகளை எடுத்துக்கொண்டால், 27,000 கிலோ கொண்ட இரண்டு திறந்தவெளி அடுக்குகளுக்கு நடுவே தடுப்பு எதுவும் இல்லையென்றால் சுமார் 130 மீட்டர் வேண்டும். முறையான மண்கரை எழுப்பினால் சுமார் 70 மீட்டர் போதும். மண்மூடிய வலுவான கட்டடங்கள் பக்கவாட்டில் நின்றால் சுமார் 15 மீட்டர் போதும். ஆகவே நீங்கள் கூரை என்று கேள்விப்பட்டது உண்மையில் இடமும்கூட. அதே வேலிக்குள், விதியை மீறாமல், இன்னும் அதிகக் குண்டுகளை வைக்க அந்தக் கட்டடம் வழி செய்கிறது. புதிதாக வாங்கும் குண்டுகளை எங்கே இறக்குவது என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லாமல் கொள்முதலுக்கு மட்டும் ஒப்புதல் கொடுப்பது, குதிர் இல்லாத வீட்டில் நெல் அளப்பது போன்றது.

நாள் கணக்கை எப்படிப் போடுவது என்று ஒரு மாதிரி காட்டுகிறேன், எண்கள் கற்பனையானவை. ஒரு வகைக் குண்டின் மொத்த இருப்பில் பத்தில் ஒரு பங்கு அந்தத் திறந்தவெளி மேடைகளில் இருக்கிறது என்று வையுங்கள். இருப்பு 40 நாளுக்கு உரியதென்றால் அங்கே கிடப்பது 4 நாள். கட்டடத்துக்கான தொகையில் குண்டு வாங்கினால் 1 நாள் கூடும் என்றும் வையுங்கள். ஒன்றைப் பெற நான்கைப் பணயம் வைக்கிறோம் என்று உடனே எழுதத் தோன்றும். அது நேர்மையான கணக்கு ஆகாது. பேரிடர் நிகழும் வாய்ப்பு ஆண்டுக்கு 200-இல் ஒன்று என்று கொண்டால், 30 ஆண்டில் எதிர்பார்க்கும் இழப்பு ஒரு நாளை எட்டாது. மேலதிகாரி அறிவாளியாக இருந்தால் இதைச் சுட்டிக்காட்டி உங்கள் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகவே விபத்தை மட்டும் நம்பி வாதாடாதீர்கள். திறந்தவெளியில் நிச்சயமாக நடக்கும் இழப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் வெயில். குண்டை உந்தித் தள்ளும் மருந்தில், அது தானாகச் சிதையாமல் காக்கும் நிலைநிறுத்திப் பொருள் சேர்த்திருப்பார்கள். வெப்பம் ஏற ஏற அது விரைந்து தீர்ந்துபோகிறது. தார்ப்பாயின் கீழ் கோடைப் பகலில் பெட்டிக்குள் ஏறும் சூட்டை, கூடல் நகர் ரயில் யார்டில் மூடிய சரக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் ஊகிக்கலாம். மண்மூடிய கட்டடத்தில் அந்த ஏற்ற இறக்கம் பெரிதும் அடங்கிவிடும். கடந்த ஆண்டுகளில் திறந்தவெளி இருப்பிலிருந்து எத்தனை தொகுதிகள் பரிசோதனைக்குப் பிறகு பயிற்சிக்கு மட்டும் என்று தரம் இறக்கப்பட்டன, எத்தனை பயன்படாதவை என்று ஒதுக்கப்பட்டன என்ற பதிவு கிடங்கிலேயே இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, கட்டடத்துக்குள் இருந்த அதே வயதுத் தொகுதிகளோடு ஒப்பிட்டு, நாட்களாக மாற்றுங்கள். நிகழ்தகவு எதுவும் இல்லாத அந்த எண்ணை எந்த மேலதிகாரியும் எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த ஒப்பீட்டில் வேறுபாடு ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அதையும் அப்படியே எழுதுங்கள்.

வெயிலும் அலட்சியமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு சைப்ரஸ் தீவைச் சொல்லலாம். ஒரு கப்பலில் கைப்பற்றிய வெடிபொருளை 98 கொள்கலன்களில் ஒரு கடற்படைத் தளத்தின் திறந்தவெளியில் 2009 முதல் அப்படியே விட்டுவைத்தார்கள். 2011 ஜூலை 11-இல் அது வெடித்தபோது 13 பேர் இறந்தார்கள். கடற்படைத் தளபதியும் அவர்களில் ஒருவர். அருகிலிருந்த, அந்நாட்டின் மிகப் பெரிய மின்நிலையமும் சிதைந்தது.

இனி, மிகச் சிறிய செலவுகளில் சிக்கனம் பிடிக்கும் கதை. 2000 ஏப்ரல் 28-இல் ராஜஸ்தானின் பரத்பூர் கிடங்கில் பற்றிய தீ, சில நூறு கோடி ரூபாய் மதிப்புள்ள வெடிபொருளை அழித்தது. வளாகத்தில் புல் வெட்டுவதைச் செலவுக் குறைப்பு என்ற பெயரில் நிறுத்தியிருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. யாரோ ஒரு கணக்கர் அந்தச் சிறிய தொகையை அடித்துவிட்டு அந்த ஆண்டு பாராட்டும் பெற்றிருக்கக்கூடும். உங்கள் மேசைக்கு வரும் பெரிய கோப்பைவிட இந்தச் சின்னப் பில்களில்தான் எனக்குக் கவலை அதிகம். புல் வெட்டுவது, தீத்தடுப்புப் பாதையை உழுது வைப்பது, இடிதாங்கியின் நில இணைப்பில் உள்ள மின்தடையை அளப்பது, பழுதான தொகுதிகளைப் பிரித்து அழிப்பது ஆகியவை ஆண்டுதோறும் வரும், யாருக்கும் திறப்பு விழாப் பலகை தராத செலவுகள். 2016 மே 31-இல் மகாராஷ்டிரத்தின் புல்காவ் கிடங்கில் அதிகாரிகளும் தீயணைப்பு வீரர்களும் உட்படப் பலர் உயிரிழந்த விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது, டி.என்.டி. என்னும் வெடிமருந்து கசிந்துகொண்டிருந்த பழுதான கண்ணிவெடிகள். பழுதென்று தெரிந்த சரக்கு இருப்புக் கணக்கில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுமே தவிர, தயார்நிலையில் ஒரு மணி நேரத்தைக்கூடச் சேர்ப்பதில்லை. இரண்டு தீயும் கோடையில் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது விலக்கு. போர் என்று வந்துவிட்டால் விதிகள் தளரத்தான் செய்யும்; அதை நான் மறுக்கவில்லை. முன்னணியில் நிற்கும் பிரிவு 666 மீட்டர் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் தளர்த்துகிறவர் எதைத் தளர்த்துகிறார் என்று அறிந்து தளர்த்த வேண்டும். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில், சுமார் 1,400 டன் வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, போர்க்கால அவசரம் என்று துறைக்குள்ளேயே கட்டப்பட்டு நின்றன. கப்பல் வெடித்து, குறைந்தது 800 பேர் மாண்டார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்புப் படையினர். அவர்கள் நினைவாகத்தான், நாம் புத்தாண்டுக்கு மாம்பூவும் வேப்பம்பூவும் தேடும் அதே நாளில், தல்லாகுளம் தீயணைப்பு நிலையம் உட்பட எங்கும் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது.

இன்னொன்று 1967 ஜூலை 29-இல் வியட்நாம் கடலில் நடந்தது. ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் போர்ப்பணியைத் தொடங்கி ஐந்தாம் நாள். விமானத்தில் மாட்டிய ராக்கெட் தானாகக் கிளம்பாமல் இருக்க இரண்டு தடைகள் இருந்தன: ஒரு பாதுகாப்பு ஊசி, பிறகு, விமானம் ஏவுமுனைக்கு வந்த பின்னரே மின் இணைப்பைக் கொடுக்க வேண்டும் என்ற விதி. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஊசிதான் இருக்கிறதே என்ற துணிவில், இணைப்பை முன்னதாகவே கொடுக்க அனுமதித்தார்கள். அன்று ஊசியும் அதன் இடத்தில் இல்லை. ராக்கெட் பாய்ந்து எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. போதிய புதிய குண்டுகள் இல்லாததால் முந்தைய நாள்தான் ஏற்றியிருந்த பழைய குண்டுகள், அந்தத் தீயில் சுமார் ஒன்றரை நிமிடத்தில் வெடிக்கத் தொடங்கின. 134 பேர் இறந்தார்கள். கப்பல் அந்தப் போருக்குத் திரும்பவே இல்லை. புறப்பாடு ஒவ்வொன்றிலும் சில நிமிடம் மிச்சப்படுத்தப் போய், ஒரு முழுக் கப்பலின் போர்க்காலம் போயிற்று. நாள் கணக்கில் எழுதுங்கள் என்று நான் சொல்வதன் பொருள் இந்த நிகழ்ச்சியில் தெளிவாகத் தெரியும்.

குவைத்தில் அமெரிக்கப் படையின் தோஹா முகாமில் 1991 ஜூலை 11-இல் நடந்ததும் இதே இனத்தைச் சேர்ந்தது. வளைகுடாப் போர் முடிந்த பிறகும் எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்று குண்டுகள் ஏற்றிய வண்டிகளை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். ஒரு வண்டியில் பற்றிய தீயால் நான்கு எம்-1 டாங்கிகள் உட்பட ஏறத்தாழ நூறு வண்டிகள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. குண்டு ஏற்றி நிறுத்தியது தவறில்லை; அன்றைய நிலைமையில் அது தேவைப்பட்டிருக்கலாம். இடைவெளி விட்டு நிறுத்தியிருந்தால் தயார்நிலை ஒரு நிமிடம்கூடக் குறைந்திருக்காது.

என் பணிக்காலத்தில் ஒரு கிடங்கில் மூன்று மாதத்துக்கு என்று ஒரு விலக்குக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டேன். மாறுதலாகிப் போய், வேறு வேலையாக ஒன்பது ஆண்டு கழித்து அங்கே போனபோது அந்த விலக்கு உயிரோடு இருந்தது. ஒவ்வொரு முறையும் "முந்தைய அனுமதியின் அடிப்படையில்" என்று புதுப்பித்திருந்தார்கள். அந்த முந்தைய அனுமதி என்னுடையது. எந்தச் சூழலில் கொடுத்தேன் என்பதை நானே ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கந்துவட்டியை அறிந்த ஊரில் பிறந்த நமக்கு, தவணை முடியும் நாள் எழுதாத கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருக்க வேண்டும்; எனக்குத் தெரியவில்லை. தீபாவளி ஆர்டர் நெருங்கும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் சிவகாசிப் பக்கத்து ஆலைகளில் அனுமதித்ததற்கு மேல் ஆட்களை ஓர் அறையில் உட்காரவைப்பதும், மரத்தடியில் மருந்து வேலை பார்ப்பதும் இதே வகைதான். அங்கே யாரும் விலக்கு என்று பெயர்கூட வைப்பதில்லை.

ஆகவே உங்கள் குறிப்பில் 2 ஆண்டு விலக்கை எழுத வேண்டியே வந்தால், அதே பத்தியில் சிலவற்றைச் சேர்த்துவிடுங்கள்: எந்த அடுக்குக்கும் எந்தக் கட்டடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் குறைகிறது, அந்தக் குறைவால் எத்தனை பேர் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறார்கள், அதை ஏற்பவர் எந்தப் பதவியில் இருப்பவர், எந்தத் தேதியில் அனுமதி தானாக முடிகிறது, அதுவரை என்ன செய்யப்படும். இந்தக் கடைசி வரியில்தான் உங்களுக்கு நடுவழி இருக்கிறது. மொத்தக் கட்டடங்களுக்கும் பணம் இல்லையென்றால், நெருக்கமாக உள்ள அடுக்குகளுக்கு நடுவே மட்டும் இந்த ஆண்டே மண்கரை எழுப்பலாம். அதற்கான செலவு கட்டடத்தோடு ஒப்பிடவே தகாத அளவு சிறியது. ஓர் அடுக்கு வெடித்தால் அடுத்தது சேர்ந்து வெடிக்காது என்று ஆக்கிவிட்டால், ஊருக்கான தூரத்தைக் கணக்கிடும்போது மொத்த இருப்பைக் கொள்ளாமல் மிகப் பெரிய ஓர் அடுக்கின் எடையை மட்டும் கொண்டால் போதும். முன்னரே பழுதென்று குறித்த தொகுதிகளை அகற்றினால் நெருக்கம் இன்னும் குறையும். கட்டடங்களை இரண்டு மூன்று ஆண்டுகளில், அதிக வெப்பத்தைத் தாங்காத வகைகளுக்கு முதலில் என்று வரிசைப்படுத்தலாம்.

ஒன்றை மட்டும் நாள் கணக்கில் கொண்டுவராதீர்கள். வேலிக்கு வெளியே இருப்பவர்களின் உயிர் அது. வேலிக்கு உள்ளே பணிபுரிபவர் ஆபத்தை அறிந்து, பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கி நிற்கிறார். வெளியே இருக்கும் ஊரார் எந்தக் கோப்பிலும் கையெழுத்திடவில்லை. 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டத்தின் கீழ் கிடங்கைச் சுற்றிக் கட்டடம் கட்டத் தடை விதிக்கப்பட்டால், அந்த நிலத்துக்காரர் ஏற்கெனவே நம் பாதுகாப்புச் செலவில் ஒரு பங்கைத் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். ஆகவே குறைபடும் இடைவெளி வேலிக்கு உள்ளேயா, வெளியேயா என்பதை முதலில் வரைபடத்தில் பாருங்கள். வெளியே என்றால் விலக்குக்குப் பரிந்துரைக்க உங்களுக்கோ உங்கள் மேலதிகாரிக்கோ இடமில்லை. கோப்பு அதற்கு உரிய உயர்நிலை அலுவலகத்துக்கு, எண்களோடு, போக வேண்டும். உள்ளே என்றால் மேலே சொன்ன கணக்குகளைப் போட்டு, கொள்முதலுக்கும் மண்கரைக்கும் சேர்த்து ஒப்புதல் எழுதலாம். உங்கள் அண்ணனுக்குச் சேர வேண்டிய குண்டு அதனால் தாமதிக்காது.

மேலதிகாரி கேட்டபடியே எழுதித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால், மறுத்துச் சண்டையிட வேண்டாம். தரம் இறக்கப்பட்ட தொகுதிகளின் அட்டவணையையும் இடைவெளிக் குறைவைக் காட்டும் வரைபடத்தையும் இணைப்பாக வைத்து, "இணைப்புகளைப் பார்வையிட்ட பின் ஆணைக்காக" என்று எழுதி மேலே அனுப்புங்கள். விடுப்பு முடிந்து போனதும், பெரிய கோப்பைத் திறப்பதற்கு முன், இந்தக் கோடைக்கான புல்வெட்டும் பில் எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்டு அதை முதலில் அனுப்பிவிடுங்கள்.